கல் நனையக் கூடாது

மாடுகள் மேல் சர்க்காருக்கு இருந்த அன்பை யாரும் சந்தேகிக்க முடியாது. உலகச் சண்டை முடிந்த மறு வருஷமே மாரண்டஹள்ளிக்குப் பக்கத்து ஊர் ஒன்றுக்கு மாட்டாஸ்பத்திரி மஞ்சூராயிற்று. அந்த ஊரில் கருங்கல் காலில் இடறும். சும்மா கிடைக்கிற கல்லில் கட்டுவது நாகரிகமில்லை என்று மேலிடத்தில் தீர்மானித்து, சீமையில் புதிதாக வந்த லேசு சிமெண்டுக் கல்லை ரயிலேற்றி அனுப்பினார்கள். உடைத்தால் இட்லி மாதிரி உள்ளே பொத்தல் பொத்தலாக இருக்கும். ஊரார் அதற்குப் பொரிக்கல் என்று பேர் வைத்தார்கள்.

கல்லோடு ஓர் உத்தரவும், உத்தரவோடு தீர்த்தகிரி ஓவர்சியரும் வந்து இறங்கினார்கள். கட்டும்வரை கல் நனையக் கூடாது. தரையில் படக் கூடாது. இரண்டு கையாலும் ஏந்தித்தான் தூக்க வேண்டும். நியாயமான உத்தரவுதான். ஈரம் குடித்த கல் சுவரான பிறகு காய்ந்து சுருங்கும், சுவர் வெடிக்கும். ஆனால் கல்லுக்குக் கொட்டகை போட உத்தரவு இல்லை. ஊரில் ஒழுகாத ஓட்டு வீடு மல்லையனுடையது ஒன்றுதான்.

"இடமில்லீங்க. பொண்ணு முனியம்மா தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கா. நெறமாசம்," என்றான் மல்லையன்.

"பிரசவம் என்னிக்கு?" என்றார் ஓவர்சியர்.

"அது நம்ம கையிலயாங்க இருக்குது?"

"பாத்தியா? தேதியே இல்லாத காரியத்துக்காகத் தேதி போட்ட காரியத்தை நிறுத்தச் சொல்றியே!"

கல் உள்ளே போயிற்று. தரையில் படக் கூடாதல்லவா, முனியம்மாளின் கட்டிலிலும் அடுக்கினார்கள். மறுநாள் ஓவர்சியர் அடுப்பைப் பார்த்தார். சோறு கொதித்தால் ஆவி வரும், ஆவி ஈரம் என்றார். அடுப்பு வெளியே போயிற்று. அதற்கும் மறுநாள், மனுஷர் மூச்சிலும் ஈரம் உண்டு என்பது அவர் நினைவுக்கு வந்தது. குடும்பம் ஒழுகுகிற மாட்டுக் கொட்டாய்க்குப் போயிற்று.

மல்லையன் ஊரெல்லாம் ஓவர்சியரைத் திட்டித் தீர்த்தான். சர்க்கார் அவன் குறையைக் கனிவோடு பரிசீலித்து, சிவப்புப் பட்டையும் பித்தளை வில்லையும் கொடுத்து அவனைக் கல் காவலனாக நியமித்தது. அந்த வாரச் சந்தையில் தக்காளிக்காரன் எழுந்து நின்று கும்பிட்டான். அன்று முதல் மல்லையன் வீட்டை வீடென்று சொல்வதில்லை, ஸ்டோர் என்பான்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம் அவன் பெண்சாதி பழனியம்மாள் நனைந்துகொண்டே ஓடி வந்தாள்.

"கதவைத் தொறங்க! பொண்ணுக்கு வலி எடுத்துருச்சு."

"ஓவர்சியர் வரட்டும்."

"வூடு யாரோடதுங்க?"

"வூடு என்னுது. கல்லு சர்க்காரோடது."

"பொண்ணு?"

மல்லையன் வில்லையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். "உத்தரவுல பொண்ணைப் பத்தி ஒண்ணுமில்ல."

கொட்டாயில் எருமைக்குப் பக்கத்தில் குழந்தை பிறந்தது. ஒழுகுகிற இடத்தில் முறத்தைப் பிடித்து நின்ற அடுத்த வீட்டுச் சின்னக்கா, "கல்லாப் பொறந்திருந்தா கட்டில்ல கெடந்திருப்பே, கண்ணு," என்றாள்.

மழை விட்டதும் கொத்தர்கள் வந்தார்கள். ஓவர்சியர் இரண்டாவது உத்தரவை எடுத்தார். செங்கல் காலத்து உத்தரவு அது: எந்தக் கல்லும் கட்டுமுன் ஓர் இரவு தண்ணீரில் ஊற வேண்டும்.

"நனையக் கூடாதுன்னீங்களே, சாமி?" என்றார் மேஸ்திரி சென்னப்பன்.

"அது வைக்கிறதுக்கு. இது கட்டுறதுக்கு. ரெண்டும் அமல்ல இருக்குது."

அத்தனை கல்லையும் ஏரியில் போட்டார்கள். அத்தனையும் மிதந்தன. முங்காத கல்லை ஊறிய கல்லாகக் கணக்கில் எடுக்க முடியாது. ஆகவே, கல்மேல் உட்கார்ந்து அமுக்குகிறவர்களுக்குத் தற்காலிக வில்லை உண்டு என்று தண்டோரா போட்டார்கள். மல்லையனைப் பார்த்துச் சிரித்த ஊர், வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு ஏரியில் இறங்கி, கல்லுக்கு ஓராளாக உட்கார்ந்தது.

மறுநாள் இஞ்சினீர் வந்து தலையில் அடித்துக்கொண்டார். "ஈரக் கல்லில் எந்த மடையன் கட்டுவான்? அடுத்த கோடை வரைக்கும் எங்கேயாவது காய வை!"

"நம்ம வூட்ல வைங்க, சாமி! எங்கம்மாவ மாமன் வூட்டுக்கு அனுப்பிடறேன்," என்றான் ஒருவன்.

"எங்க வூட்ல சோறே ஆக்கறதில்லீங்க!" என்றான் இன்னொருவன்.

"எனக்கு முன் அனுபவம் இருக்குதுங்க!" என்று கத்தினான் மல்லையன். அந்த வார்த்தைக்கு எந்த ஆபீசில்தான் மறுப்பு உண்டு? உத்தரவு அவனுக்கே ஆயிற்று.

வீட்டுக்கு ஓடினான். கல் ஒழிந்த வீட்டில் பழனியம்மாள் அடுப்பு மூட்டியிருந்தாள். முனியம்மாள் குழந்தையோடு கட்டிலில் படுத்திருந்தாள். மல்லையன் ஒரு செம்புத் தண்ணீரை அடுப்பில் ஊற்றினான்.

"பச்சப்புள்ள மூச்சுல ஈரம் ஜாஸ்தி," என்றான். "வெளிய தூக்கு."

முனியம்மாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். வாசலை அடைத்துக்கொண்டு ஊரே நின்றது, ஆளுக்கொரு கல்லை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு. குழந்தைக்கு வழிவிட ஒருவரும் நகரவில்லை. கல் அலுங்கக் கூடாதாம்.