ஏலக்காய் மூட்டைக்குள்ள ஒரு சிங்கப்பூர் சாமான்

அன்னைக்கு எனக்கு இருந்த சோலி ஒண்ணே ஒண்ணுதான். ஒரு கை ஏலக்காயை யாவாரி அண்ணன்கிட்ட காட்டி, மூட்டையை எப்ப ஏலத்துக்குக் கொண்டாரட்டும்னு கேட்டுட்டு வரணும்.

போடிக்காரங்களுக்கு இது கடைக்குப் போயி உப்பு வாங்குற மாதிரி. அதைப் போயி நான் ஊரே சிரிக்கிற விவகாரமா ஆக்கிட்டு வந்தேன்.

எண்பதுகள்ல நடந்தது. எனக்குக் கல்யாணமாகி மூணு வருசம். வீட்டுக்காரரு சரக்குக் கப்பல்ல மெக்கானிக்கு. வருசத்துக்கு ஒரு மாசம் போடியில இருப்பாரு, மிச்சமெல்லாம் தண்ணியில. வீட்டுல நானும் மாமியாரும்தான். மலையில ரெண்டு ஏக்கர் ஏலத்தோட்டம்.

அந்தத் தடவை லீவுக்கு வந்தவரு சிங்கப்பூர்ல இருந்து சேலை, சென்ட்டு, தைலம் எல்லாம் கொண்டாந்தாரு. அப்புறம் அறைக் கதவைச் சாத்திட்டு ஒரு பொட்டலத்தைக் கையில குடுத்தாரு.

"நான் இல்லாதப்ப தனியாக் கெடந்து ஏங்காத. அங்கெல்லாம் பொம்பளைங்க இதை வச்சிருக்காங்களாம்."

சொல்லும்போது அவரு மொகம் என் மொகத்தை விடச் செவந்து போச்சு.

புரிஞ்சிருக்கும். படுக்கையறைச் சாமான். பெரியவங்க சமாச்சாரம்.

எனக்கு ஒரு பக்கம் வெக்கம். இன்னொரு பக்கம், நம்மளை நெனச்சு மனுசன் இவ்வளவு தூரம் யோசிச்சிருக்காரேன்னு சந்தோசம். ஆனா சாமான் சரியில்ல! தொட்டாப் பிசுபிசுங்கும். பொட்டலத்தைப் பிரிச்சா அறை பூரா புது ரெயின்கோட்டு வாடை. அவரு கப்பலுக்குப் போனப்புறம் ஒரே ஒரு தடவை. அதுக்கே ரெண்டு நாள் எரிச்சல்.

டாக்டர்கிட்ட போயி என்னன்னு சொல்றது? அவருக்கு எழுதுனா மனசு ஒடிஞ்சு போயிருவாரு.

வாடைதானே பிரச்சனைன்னு நானே ஒரு வைத்தியம் கண்டுபுடிச்சேன். வீட்டுச் செலவுக்குன்னு ஒதுக்கி வச்ச சின்ன மூட்டை ஏலக்காய்க்குள்ள, அடியில அதைச் சொருகி வச்சேன். ஏலக்காய் மணத்துல அந்த நாத்தம் ஓடிப் போயிரும்னு நெனப்பு!

ஏலக்காய் பக்கத்துல சோப்பு வச்சாலே காய் சோப்பு வாடை அடிக்கும். இது போடியில பால் குடிக்கிற புள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிஞ்சேதான் வச்சேன். என் புத்தி அப்படி.

இது மட்டும் மாமியார் கண்ணுல பட்டா, அன்னைக்கே என் பொட்டியைக் கட்டி சிலமலை பஸ்சுல ஏத்தி எங்கப்பன் வீட்டுக்கு அனுப்பிருவாங்கன்னு மட்டும் உள்ளுக்குள்ள பயம் இருந்துச்சு.

ரெண்டு மாசம் போச்சு. சோலி வந்த அன்னைக்கு நான் சடை பின்னிக்கிட்டு இருந்தேன். அத்தையே ஒரு கை காய் அள்ளிப் பேப்பர்ல மடிச்சுக் கையில குடுத்தாங்க.

"வெரசாப் போயிட்டு வா புள்ள."

நானும் பவுடரைப் பூசிக்கிட்டு ஜோராக் கெளம்பிட்டேன்.

கடையில அண்ணன் பொட்டலத்தைப் பிரிச்சாரு. நாலு காயை உரிச்சு உள்ளங்கையில தேய்ச்சாரு. மூக்குக்கிட்ட கொண்டு போனாரு. அப்படியே நின்னுட்டாரு.

"என்னண்ணே?"

பக்கத்துல இருந்த இன்னொரு யாவாரிகிட்ட கையை நீட்டுனாரு. அவரு மோந்தாரு. "மண்ணெண்ணெயா?"

"இல்லப்பா. புதுச் செருப்பு."

லோடு எறக்க வந்த ஜீப்பு டிரைவரும் வந்து மோந்தாரு. "டயர் டியூப்புண்ணே. சத்தியமா!"

எனக்கு அப்பத்தான் உறைச்சுச்சு. அத்தை அள்ளுனது ஏலத்துக்கு வச்ச மூட்டையில இல்ல, அந்தச் சின்ன மூட்டையில!

மூணு ஆம்பளைங்க என் சாமானோட வாடையை மாத்தி மாத்தி மோந்து பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. பூமி பொளந்து என்னை விழுங்கக் கூடாதா?

"ஆத்தா, மூட்டைக்குள்ள என்னத்த வச்சீங்க?"

வாயில வந்ததைச் சொன்னேன். "பொம்மைண்ணே. ரப்பரு மாதிரி இருக்கும். சிங்கப்பூரு."

அண்ணன் பதறிப் போயிட்டாரு. "அய்யய்யோ! புள்ளை வாயில வைக்க விட்றாத ஆத்தா! எம் பேத்திக்கு அப்படித்தான் ஒண்ணு வாங்கி, வாயைச் சுத்திப் பூராக் கொப்புளம். மட்டமான பிளாஸ்டிக்கு. மெத்துனு இருக்கணும்னு என்னத்தையோ எண்ணெயைக் கலந்துர்றான். அது வேர்த்து வேர்த்து வெளிய கக்கும். அந்த நாத்தந்தான் இது."

எரிச்சலுக்குக் காரணம் வெளங்கிருச்சு! இனி வாயை மூடிக்கிட்டு வந்திருக்கணும். நான் விட்டேனா?

"அப்ப எதுல செஞ்சதா இருந்தா உடம்புக்கு ஒண்ணும் பண்ணாதுண்ணே?"

"மொதல்ல மோந்து பாரு. வாடையே இருக்கக் கூடாது. தொட்டாக் கையில ஒட்டக் கூடாது. வெந்நீருல போட்டு எடுத்தா அப்படியே இருக்கணும். குழி, கீறல் இருந்தா அழுக்கு ஏறிரும், வேண்டாம். மழமழன்னு இருக்கணும்."

"கண்ணாடின்னா தேவலையாண்ணே?"

அண்ணன் என்னை ஒரு மாதிரியாப் பாத்தாரு. "புள்ளைக்கு எவளாவது கண்ணாடியைக் குடுப்பாளா? அது சரி, உங்க வீட்டுல ஏது ஆத்தா புள்ளை?"

நான் தலையைக் குனிஞ்சேன். வேற என்ன செய்யிறது?

நம்ம ஊருல கல்யாணமானவ இந்தக் கேள்விக்குத் தலையைக் குனிஞ்சா அதுக்கு ஒரே அர்த்தந்தான். அண்ணன் மொகமெல்லாம் சிரிப்பு. "நல்லது ஆத்தா, நல்லது! உடம்பைப் பாத்துக்க!" ஜீப்பு டிரைவரு நான் உக்கார ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, துண்டால தொடைச்சு விட்டாரு.

வீட்டுக்குத் திரும்புற வழியில பிள்ளையார் கோயில்ல நின்னு, என்னைக் காப்பாத்துன்னு பதினோரு சுத்து சுத்துனேன். அந்த நேரத்துல அண்ணன் சைக்கிளை மிதிச்சு எங்க வீட்டுக்கே போயிட்டாரு. அந்த வாடை அடிக்கிற காயை மத்த காயோட கலந்துறாதீங்கன்னு சொல்லத்தான் போனாராம். கூடவே நல்ல சேதியையும் சொல்லிட்டாரு.

நான் வாசல்ல கால வைக்கும்போதே நெய் வாசம். அத்தை கேசரி கிளறி எறக்கி வச்சிருந்தாங்க! என் தலைக்கு வைக்க மல்லிப்பூ வேற வாங்கி வச்சிருந்தாங்க. அவங்க கண்ணெல்லாம் தண்ணி.

"ஏன்டி, முழுகாம இருக்கேன்னு எங்கிட்டச் சொல்லாம கடைத்தெருவுலயா போயிச் சொல்லுவ?"

"அத்தை, அது வந்து..."

"இரு இரு, அந்தப் பொம்மையை எடுத்து வெளிய வீசிர்றேன். பச்சப்புள்ளைக்கு ஆகாதாம்." சொல்லிக்கிட்டே சின்ன மூட்டையைப் பாயில கவுத்துட்டாங்க.

காயெல்லாம் சரசரன்னு கொட்டுச்சு. கடைசியா அது வந்து பொத்துனு விழுந்துச்சு. பாதி உருகிப் போயி, உடம்பெல்லாம் ஏலக்காய் பதிஞ்சு, பலாப்பழம் கணக்கா!

அத்தை குனிஞ்சு பாத்தாங்க. என்னைப் பாத்தாங்க. மறுபடியும் அதைப் பாத்தாங்க. நான் மனசுக்குள்ள சிலமலை பஸ்சுல ஏறி சன்னலோரமா உக்காந்துட்டேன்.

"அப்ப நீ முழுகாம இல்ல?"

"இல்ல அத்தை."

அவங்க மொகம் வாடுனதைப் பாத்து எனக்கு அழுகையே வந்துருச்சு. பயத்துல இல்ல. கேசரி வரைக்கும் கிளற விட்டுட்டேனேன்னு.

அத்தை முந்தானையால அதைப் புடிச்சுத் தூக்குனாங்க. மோந்து பாத்து மொகத்தைச் சுளிச்சாங்க.

"உடம்புக்கு ஏதும் பண்ணுச்சா?"

"எரிஞ்சுச்சு அத்தை."

"கிறுக்கி! அதைச் சொல்ல மாட்டியா எங்கிட்ட? நான் என்ன உன்னையக் கடிச்சா தின்னுருவேன்? எம் மகன் நல்லவன்தான். ஆனா அவனுக்கு எந்தச் சாமானும் பாத்து வாங்கத் தெரியாது. கத்திரிக்காயே சொத்தையாத்தான் வாங்குவான்."

கொல்லையில குழி தோண்டி, அதையும் அந்த மூட்டைக் காயையும் சேத்துப் பொதைச்சோம். கை கழுவிட்டு ரெண்டு பேரும் கேசரி சாப்பிட்டோம். நல்லாத்தான் இருந்துச்சு.

சாப்பிட்டதும் அவருக்குக் கடுதாசி எழுத உக்காந்தேன். அத்தை வாசிச்சுக் காட்டச் சொன்னாங்க. நெளிஞ்சுக்கிட்டே வாசிச்சேன். "இனிமே அந்த மாதிரிக் கொண்டாந்தா வாடை வரக் கூடாது, பிசுபிசுக்கக் கூடாது, வெந்நீருல கழுவுனாலும் கரையக் கூடாது."

அத்தை சுவத்தைப் பாத்துக்கிட்டே சொன்னாங்க.

"பீங்கானாப் பாத்து வாங்கச் சொல்லு. ஊறுகாயே அதுலதான் கெடாம இருக்கு."