சுருதி பிசகாத பேஸ் கிட்டார்

இந்த விவரத்தைப் பல வருஷமாக நானே முழுசாக நம்பியதில்லை. ஆனாலும் மெம்ஃபிஸில் பழைய பேஸ் கிட்டார் சேகரிக்கும் அத்தனை பேரிடமும் அடித்துச் சொல்லியிருக்கிறேன்: பதினோரு வருஷமாக யாருமே வாசிக்காத என் 1962ஆம் வருஷத்து பேஸ், ஒரு தடவைகூடச் சுருதி பிசகியதில்லை.

பிசகாது என்று எனக்கு விளக்கம் சொன்னவள் வெர்லீன். என் மனைவி.

பேஸை லிட்டில் ராக்கில் ஒரு விதவையிடம் வாங்கினேன். அவள் கணவன் கற்றுக்கொள்ளலாம் என்று வாங்கி, கட்டிலுக்கு அடியில் தள்ளி, கற்றுக்கொள்ளாமலே போய்ச் சேர்ந்தவன். விலைச்சீட்டு அப்படியே தொங்கியது. சேகரிக்கும் எங்கள் வட்டாரத்தில் அதற்குத்தான் மரியாதை. ஒரு கீறல் விழுந்தால் ஆயிரம் டாலர் குறையும். கழுத்தில் குறுக்காகப் பதித்த மெட்டுகள் தேய்ந்திருந்தால் பாதி விலை போகும்.

ஆகவே அதற்குத் தனி அறை. அந்த அறைக்கு ஏசி. எங்கள் படுக்கையறைக்கு மின்விசிறி. வருஷத்துக்கு ஒருநாள் கையுறை போட்டுக்கொண்டு, நான்கு தந்திகளையும் ஒரே ஒரு முறை மீட்டுவேன். எப்போதும் அச்சுப் பிசகாத சுருதி.

முதல் வருஷமே எனக்கு உறுத்தியது.

"தொடாம வெச்ச தந்தி எப்படி வெர்லீன் இறங்காம இருக்கும்?"

"நல்ல மரம். அசையாது," என்றாள் பட்டாணி உரித்துக்கொண்டே. "நீகூடத்தான் சோபாவுல உட்கார்ந்தா அசையறதில்ல. உன்னை யாராவது சந்தேகப்பட்டாங்களா?"

எனக்கு விமான நிலையத்தில் பார்சல் பிரிக்கும் வேலை. சனி இரவு முறை ஞாயிறு காலையில் முடிந்ததும் தூண்டிலோடு நேராக ஏரிக்குப் போய்விடுவேன். வெர்லீன் சபைக்குப் போவாள். பாடகர் குழு. மாலையில் நான் திரும்பும்போது அசந்து தூங்கிக்கொண்டிருப்பாள். கர்த்தரைப் பாடுவது கடினமான உழைப்பு என்று நினைத்துக்கொள்வேன்.

போன வருஷம் என் முட்டி இரண்டும் மக்கர் பண்ணின. பேஸை விற்றுவிடுவது என்று தீர்மானித்தேன். முப்பத்திரண்டாயிரம் டாலர் வரும். சம்பளம் குறைந்தாலும் உட்கார்ந்து பார்க்கும் வேறொரு பகல் வேலைக்கு மாறிவிடலாம். வெர்லீன் ஒன்றே ஒன்று கேட்டாள்: வந்து பார்க்கிறவருக்குக் காது நன்றாகக் கேட்குமா?

நாஷ்வில்லிலிருந்து ஹாஸ்கெல் ரட் வந்தார். இந்த வியாபாரத்தில் முப்பது வருஷம் ஊறியவர். மேல்பூச்சைப் பார்த்தார், திருகாணிகளைப் பார்த்தார், விலைச்சீட்டைப் பார்த்தார். தலையாட்டினார். நான் மனசுக்குள் ராஜினாமா கடிதம் எழுத ஆரம்பித்தேன். பிறகு கழுத்தை ஜன்னல் பக்கம் சாய்த்தார்.

"இதை யார் சார் வாசிக்கிறாங்க?"

யாருமில்லை என்றேன்.

"ராக் இசை வாசிக்கிறவங்க மூணாவது, அஞ்சாவது மெட்டைத் தேய்ப்பாங்க. இதுல நாலுலயும் ஆறுலயும் பள்ளம் விழுந்திருக்கு. ஏ ஃப்ளாட், டி ஃப்ளாட். ஆர்கன்காரர் பிடிக்கிற சுருதி. இது சபையில தேய்ஞ்ச தேய்வு சார். குறைஞ்சது பத்து வருஷ ஞாயித்துக்கிழமை."

நான் வெர்லீனைப் பார்த்தேன். அவள் அவருக்கு இன்னும் கொஞ்சம் தேநீர் ஊற்றினாள்.

ரட் கையோடு கொண்டுவந்த ஒலிபெருக்கியில் மாட்டிக் கொஞ்சநேரம் வாசித்தார். தரை அதிர்ந்தது; எனக்கு மார்பில் அதிர்ந்தது. பதினோரு வருஷத்தில் முதல்முறையாக அதன் குரலைக் கேட்டேன். தன் பெட்டகத்தில் விரல் படாதவை ஆறு இருப்பதாகவும், அவற்றின் கழுத்து வில்லாக வளைந்து கிடப்பதாகவும், ஒன்றுகூட இப்படிப் பேசாது என்றும் சொன்னார். இதன் கழுத்தை யாரோ பருவத்துக்குப் பருவம் சரிசெய்து வைத்திருக்கிறார்களாம். ஆனால் விலை பாதிதான். "வாங்குறவங்க காதால வாங்குறதில்ல சார்."

அவர் போனபின் எல்லாம் வெளியே வந்தது. ஞாயிறுதோறும் வெர்லீன் விலைச்சீட்டை அவிழ்த்து, பேஸைச் சபைக்கு எடுத்துப்போய் வந்து, திரும்ப அதே முடிச்சைப் போட்டிருக்கிறாள். மேல்பூச்சில் கீறல் விழாமல் வயிற்றில் துண்டு கட்டிக்கொண்டு வாசித்திருக்கிறாள்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்," என்றேன்.

"சொல்லியிருந்தா அறையைப் பூட்டியிருப்ப."

பூட்டியிருப்பேன்.

"பாடகர் குழுன்னு நீயாவே முடிவு பண்ணிக்கிட்ட. நான் பாடி என்னிக்காவது கேட்டிருக்கியா?"

இல்லை. அவள் பாடி யாரும் கேட்டதில்லை. தன் குரல் எப்படிப்பட்டது என்று அவளுக்கே தெரியும்.

"மெட்டெல்லாம் மாத்தணும்ப்பா. மூணு வருஷமா தள்ளிப் போடறேன். மாத்தினா மதிப்பு போயிடும்னு நீ உசுரை விடுவ. இப்பதான் போயிடுச்சே." பிறகு தணிந்த குரலில் சொன்னாள்: "உன் முட்டிக்காக விக்கிறதுன்னா வித்துக்கோ. நான் குறுக்க நிக்க மாட்டேன்."

ஏசி அறையில் போய் உட்கார்ந்தேன். பாதி விலை என்றாலும் பதினாறாயிரம். ரட்டின் எண்ணை எடுத்தேன், வைத்தேன். பேசத் தெரிந்த ஒன்றை வாங்கி வந்து, அது வாய் திறந்ததே இல்லை என்று ஊரெல்லாம் பெருமையடித்திருக்கிறேன். ரசீதில் என் பெயர் இருக்கிறது. மெட்டில் அவள் விரல் இருக்கிறது. இதில் உடைமைக்காரர் யார்? முட்டி வலித்தது. அது எப்படியும் வலிக்கும்.

சமையலறைக்குப் போனேன். பதினோரு வருஷமாகச் சந்தேகப்பட்ட விஷயத்தைப் பற்றி அவளிடம் கேட்க எத்தனையோ கேள்விகள் இருந்தன. கடைசியில் கேட்டது ஒன்றுதான்.

"உங்க சபையில ஆராதனை எத்தனை மணிக்கு வெர்லீன்?"