ஆற்றங்கரையில் மலருக்குக் குடை பிடித்தது

ஓஸ்டர்முண்டிகன், சுவிஸ்,
ஞாயிறு மாலை

மதிப்புக்குரிய தியாகலிங்கம் மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கை யோகமலரின் கணவன் உருத்திரமூர்த்தி பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும் நல்ல சுகம் என்று தொடங்கத்தான் ஆசை. அதில் பாதிதான் உண்மை. மலர் சுகம். நான் இரண்டு கம்பளிக்குள் இருந்து மூக்கைத் துடைத்துத் துடைத்து எழுதுகிறேன். போனில் சொன்னால் பக்கத்தில் நின்று கேட்டுவிடுவாள், அதனால்தான் கடிதம்.

மலருக்கு மார்பில் புற்றுநோய் வந்து, வெட்டி, மருந்தேற்றி, போன வருடம்தான் டொக்டர் இனிப் பயமில்லை என்றார் என்பது உங்களுக்குத் தெரியும். அதோடு வீட்டில் ஆறுதலாக இருப்பாள் என்று நான் நினைக்க, அவளோ அந்த வார்டில் வேலை செய்யும் கிருசிகா என்ற நேர்ஸ் பிள்ளை கூப்பிட்டாள் என்று ஓட்டக்குழு ஒன்றில் சேர்ந்துவிட்டாள். நோயாளிகளைச் சிகிச்சைக்கு ஏற்றி இறக்கும் வாகனங்களுக்காக ஓடி நிதி சேர்க்கிறவர்கள். இலையுதிர்காலத்தில் பெரிய ஓட்டமாம். அதற்குப் பயிற்சியாக நேற்று பேர்ணிலிருந்து ஆரே ஆற்றங்கரையோடு தூண் நகரம் வரை போகப் புறப்பட்டார்கள். மழையோ, மாரியில் உங்கள் பக்கம் கொட்டுமே, அதே இனம், ஆனால் ஐஸ்பெட்டித் தண்ணீரில். போகாதே என்றேன். சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டே, "நீங்கள் படுங்கோ, நான் போட்டு வாறன்" என்றாள். படுக்க மனம் வருமா? ஒரு பையில் கம்பளிச் சட்டை, மல்லித்தண்ணிப் போத்தல், ரோல்ஸ் எல்லாம் அடைத்துக்கொண்டு சைக்கிளில் பின்னால் போனேன். ஒரு கையால் சைக்கிள், மறு கையால் குடை. குடை எனக்கில்லை மச்சான், ஓடுகிற அவள் தலைக்கு மேலே பிடித்தேன்.

குழுத் தலைவி ரெகுலா என்ற சுவிஸ் மனுசி மிகவும் மரியாதையாக, "ஹெர் மூர்த்தி, உங்கள் குடைத் தண்ணீர் பின்னால் வருபவர்களின் முகத்தில் ஊற்றுகிறது" என்றாள். சரி என்று குடையைக் கொஞ்சம் சரித்தேன். அந்த நேரம் பார்த்துக் காற்று அடித்தது, குடை பிரண்டது, சைக்கிளும் நானும் சோளக்காட்டுக்குள் போய்ச் சேற்றில் விழுந்தோம், மல்லித்தண்ணிப் போத்தலும் உடைந்தது, முன்சில்லும் கோணியது. ஓடினவர்கள் எல்லாரும் நின்று என்னைத் தூக்கி, குளிருக்கென்று வெள்ளித்தாள் மாதிரி ஒன்றால் சுற்றினார்கள்.

"கிட்ட ஸ்டேசன் இருக்கு, அங்கிள். ரயிலில போங்கோ" என்றாள் கிருசிகா.

"நோயாளியை விட்டுட்டு நான் எப்பிடிப் போறது?" என்றேன்.

மலர் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஆர் நோயாளி?" என்றாள்.

வெள்ளித்தாளுக்குள் என் பற்கள்தான் அடித்துக்கொண்டிருந்தன. சைக்கிளை ஒரு கமக்காரனின் மாட்டுக்கொட்டிலில் விட்டுவிட்டு, அந்தத் தாளோடேயே அவளுக்குப் பக்கத்தில் ஓடத் தொடங்கினேன். பழக்கத்தில் அவள் முழங்கையைப் பிடித்தும்விட்டேன். அவள் மெதுவாக என் கையை எடுத்துவிட்டாள்.

"கோவிக்காதேங்கோ. ஆஸ்பத்திரியில எல்லாரும் என்னைப் பிடிச்சுப் பிடிச்சுத்தான் நடத்தினவை. நீங்களுந்தான். ஒருத்தரும் பிடிக்காமல் எவ்வளவு தூரம் போவன் எண்டு பாக்கிறன்."

எனக்கு மூச்சு வாங்கியது. நின்றேன். அவள் நிற்கவில்லை. மழைக்குள் அவள் முதுகு சின்னதாகிச் சின்னதாகி வளைவில் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன் மச்சான். பயமாகவும் இருந்தது, வேறு என்னவோ மாதிரியும் இருந்தது.

பிறகு ரயிலேறித் தூண் போய் ஆற்றங்கரையில் காத்திருந்தேன். எல்லாரும் வந்து சேர்ந்த பிறகு, கடைசியாக, கிருசிகாவோடு கதைத்துச் சிரித்துக்கொண்டு வந்தாள். வந்ததும் கேட்டது, "தின்ன என்ன கிடக்கு?" மருந்தேற்றிய காலத்தில் ஒரு கரண்டி கஞ்சிக்கு நான் அவளிடம் கெஞ்சியிருக்கிறேன். நேற்று நசிந்த ரோல்ஸ் எல்லாவற்றையும் எனக்கு ஒன்றுகூட வைக்காமல் தின்றாள். நான் மழையில் நின்றது நல்லதாய்ப் போயிற்று, முகம் நனைந்திருந்ததை ஒருவரும் கேட்கவில்லை.

ஆனாலும் மச்சான், இது சரிவராது. எனக்குக் காய்ச்சல். நீங்கள் மூத்தவர், உங்கள் சொல்லை அவள் தட்டமாட்டாள். நான் எழுதியதாகச் சொல்லாமல், இனி ஓடவேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

மச்சாளுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. உங்கள் எல்லோரையும் அம்மன் காத்தருளட்டும்.

உங்கள் மைத்துனன்,
உருத்திரமூர்த்தி

பி.கு.: அவளுக்குப் போன் எடுக்கவேண்டாம். முழங்காலுக்குப் பூசும் எண்ணெய் இரண்டு போத்தல் மட்டும் அனுப்பிவையுங்கள். மலருக்கில்லை, அவளுடைய முழங்கால் நன்றாகத்தான் இருக்கிறது. அடுத்த சனி நொஷாட்டல் ஏரிக்கரையில் பயிற்சி ஓட்டம், என் பெயரையும் ரெகுலாவிடம் கொடுத்துவிட்டேன்.