எட்டுப் பேருக்கும் வேலை கிடைத்த கதை

அன்புள்ள தம்பிக்கு, அக்கா எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அத்தான், அவருடைய முழங்கால் வலி மூவரும் சுகம். அங்கே நீயும் உன் தொப்பையும் சுகமா?

உன் ஆபீஸ் கேன்டீனில் எனக்கு வேலை பேசி வைத்திருக்கிறாய், உடனே பதில் கேட்டிருக்கிறாய். பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் இங்கே நடந்த கூத்தைச் சொல்லாமல் எப்படி? பல்பு ஃபேக்டரியை மூடியதும் பேக்கிங் செக்‌ஷன் பெண்கள் எங்கள் எட்டுப் பேரையும் வேலை தேடும் பயிற்சிக்கு அனுப்பினார்களே, அங்கே முதல் நாளே நீள மேசையில் பழைய வரிசைப்படி உட்கார்ந்துவிட்டோம். யாரும் சொல்லவில்லை, உடம்பே போய் உட்கார்ந்துகொண்டது. இந்தப் பக்கம் நெட்டச்சி, அந்தப் பக்கம் குண்டக்கா. பதினெட்டு வருஷம் அப்படித்தானே? நெட்டச்சி அட்டையை மடிப்பாள், நான் பல்பை நுழைப்பேன், குண்டக்கா மூடியை அழுத்துவாள். பெட்டியைத் தள்ளுகிற வேகத்திலேயே யாருக்குத் தலைவலி, யார் வீட்டில் சண்டை என்று தெரிந்துவிடும். டீச்சர் பொண்ணு இன்டர்வியூவில் எப்படிச் சிரிப்பது என்று சொல்லிக்கொடுக்கும், என் விரலோ எரியவைத்துப் பார்த்து அனுப்பிய பல்பின் இளஞ்சூட்டைத் தேடிக்கொண்டிருக்கும்.

போன வாரம் ஓர் ஆபீசர் வந்தார், இந்தப் பயிற்சியால் பிரயோஜனம் உண்டா என்று பார்க்க. ஆளுக்கு ஒரு ஃபாரம், எட்டுக் கேள்வி. கையெழுத்தை மட்டும் அவரவர் போட்டோம். அப்புறம் எங்கள் கை சும்மா இருக்குமா? முதல் ஆள் முதல் கேள்வியை எழுதித் தள்ள, அடுத்தவள் இரண்டாவதை எழுதித் தள்ள, ஐந்து நிமிஷத்தில் எட்டு ஃபாரமும் அடுக்கியாகிவிட்டது. “வேலை கிடைத்ததா?” என்ற கேள்வி நெட்டச்சிக்கு விழுந்தது. எங்களில் வேலை கிடைத்தவள் அவள் ஒருத்திதான், லாண்டரியில், அடுத்த மாதம் சேரணும். எட்டிலும் “ஆமாம்” என்று எழுதிவிட்டாள்!

ஆபீசர் முகம் நூறு வாட்டில் எரிந்தது. “நூத்துக்கு நூறும்மா! எல்லாருக்கும் வேலை!”

“எனக்கு எங்கங்க கிடைச்சுது?” என்றேன்.

“ஃபாரத்துல இருக்கே.”

“அது அவ எழுதுனதுங்க!”

“கையெழுத்து உங்களோடதுதானே?”

குண்டக்கா என் தொடையில் கிள்ளினாள். “ஏன்டி, வேலை கிடைச்சவ மூஞ்சியாடி இது?”

சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர். ஆனால் வேலை கிடைத்தவர்களுக்கு வகுப்பு எதற்கு, வெள்ளியோடு மூடுகிறோம் என்றுவிட்டார். அந்த வரிசை இரண்டாம் தடவையாகக் கலைகிறது, தம்பி. முதல் தடவை ஃபேக்டரி கேட்டில் நின்று ஒரு மணி நேரம் பேசினோம், என்ன பேசினோம் என்றுதான் ஞாபகமில்லை. ஆகவே கேன்டீனுக்கு வருகிறேன் என்று சொல்லிவிடு. திங்கள் காலை முதல் பஸ்.

பிள்ளைகளுக்கு என் முத்தம், உன் மனைவிக்கு என் அனுதாபம்.

இப்படிக்கு,
உன் அக்கா

பி.கு.: கவரை ஒட்டும்போது குண்டக்கா மூச்சிரைக்க ஓடி வந்தாள். நூற்றுக்கு நூறு வாங்கிய வகுப்பை மூடக் கூடாதாம், இன்னும் ஆறு மாதம் நடத்தச் சொல்லி மேலிடத்து உத்தரவாம். வெளியூரிலிருந்து பார்க்க வருவார்களாம், அதே எட்டுப் பேர் வேண்டுமாம். நெட்டச்சி லாண்டரிக்கு வரமுடியாது என்று சொல்லியே விட்டாளாம். கேன்டீன் வேலையை நிஜமாகவே வேலை இல்லாத யாருக்காவது கொடுத்துவிடு.