தேயாத பிரேக்

சட்டைக் கையில் ஒட்டின பிரேக் கரியைச் சோப்புப் போட்டுக் கசக்கிக்கொண்டிருக்கிறேன். போக மாட்டேன் என்கிறது. கைக்குத்தான் வேலை, வாய் சும்மாதானே இருக்கிறது. அதனால் சொல்கிறேன். எங்கள் வீட்டுக்காரரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

அவர் ஒரு சபதம் எடுத்திருந்தார். தன் கார் பிரேக் தேயவே கூடாது. அவருடைய அண்ணன் நாற்பதாயிரம் கிலோமீட்டரிலேயே பிரேக் பேடு மாற்றிவிட்டாராம். "அவன் கால் காலா? உலக்கை!" என்று இவர் சிரித்த சிரிப்பு தெருக்கோடி வரை கேட்டது. எங்கள் வண்டி ஐம்பதாயிரம் தாண்டியும் அதே பேடுதான்.

அதற்காக எங்களைப் படுத்தின பாடு! தெருமுனையிலேயே ஆக்சிலேட்டரை விட்டுவிடுவார். வண்டி தானாக உருண்டு உருண்டு வாசலுக்கு வரும். மாமியார் செங்கல்லோடு தயாராக நிற்பார். சக்கரத்தடியில் வைத்தால்தான் வண்டி நிற்கும். ஒருநாள் மாமியார் தும்மிவிட்டார். வண்டி எதிர்வீட்டுக்கு விருந்தாளியாகப் போய்விட்டது.

அப்புறம் கீச்சென்று ஒரு சத்தம் ஆரம்பித்தது.

"என்னங்க, வண்டி கத்துது."

"கத்தலடி, பாடுது. இப்படி ஒரு டிரைவர் கெடச்ச சந்தோஷம்."

"பிரேக்ல காலே வைக்க மாட்டீங்களா?"

"வைப்பேன், அமுக்க மாட்டேன். எப்பவும் மேல சும்மா வெச்சிருப்பேன், புள்ளையத் தட்டிக் குடுக்கிற மாதிரி. அமுக்கினாத்தானே தேயும்?"

எனக்குப் படிப்பு கம்மி. ஆனால் துணி அடித்துத் துவைத்தாலும் தேயும், விடாமல் தடவிக்கொண்டே இருந்தாலும் தேயும். அது தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மலை இறங்கி நாத்தனார் வீட்டுக்குப் போக வேண்டும். மலை ரோட்டில் செங்கல்லோடு யார் நிற்பார்கள்? பின்சீட்டில் நான், மடியில் பிள்ளை. பயமாக இருக்கிறது என்று சொன்னால் சிரிப்பார். அதனால் வேறு மாதிரி கேட்டேன்.

"ஏங்க, இவ்வளவு ஓடியும் தேயாத பேடு எப்படிங்க இருக்கும்? நான் பார்த்ததே இல்ல."

"பாக்கணுமா?" நெஞ்சு ஒரு சாண் விரிந்தது.

"எனக்கு எதுக்குங்க, நீங்க சொன்னா போதும். உங்க அண்ணன்தான் நம்பலையாம்."

"நம்பலையா? அவனையும் வரச் சொல்லு! கழட்டியே காட்டுறேன்!"

அன்று சாயங்காலமே ஒர்க்ஷாப். அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றினார்.

நான் அப்படியே நின்றுவிட்டேன். இவ்வளவுதானா? நடுவில் ஒரு இரும்புத் தட்டு. சக்கரத்தோடு அது சுற்றும். இரண்டு பக்கமும் உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு துண்டு. கவ்விப் பிடித்தால் வண்டி நிற்கிறது. நான், பிள்ளை, மாமியார், டிக்கி நிறைய மூட்டை, இவருடைய பேச்சு, இத்தனை கனத்தையும் இந்தத் துண்டா இத்தனை நாள் பிடித்து நிறுத்தியது? கும்பிடத் தோன்றியது.

"பேடு எங்கப்பா?" என்றார் இவர்.

"இதுதான் சார், பேடு இருந்த இடம். எல்லாம் தேஞ்சு, பின்னாடி இருந்த தகடு மட்டும்தான் மிச்சம்."

"நான் அமுக்கவே இல்லையே!"

"கால் மேலயே இருந்தா லேசா உரசிக்கிட்டேதான் சார் இருக்கும். முப்பதாயிரத்துலயும் போகும், எழுபதாயிரமும் வரும். எல்லாம் ஓட்டுற காலைப் பொறுத்தது. தட்டு சாதாரணமா ரெண்டு செட் பேடைத் தாங்கும். நீங்க தட்டையும் சேர்த்துத் தின்னுட்டீங்க."

தட்டில் விரலை வைத்துப் பார்த்தேன். ஏர் உழுத மாதிரி வரி வரியாகக் குழி.

அண்ணன் மெதுவாகச் சொன்னார்: "உலக்கையே தேவலாம்டா."

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பிள்ளை முதுகில் முகத்தை மறைத்துக்கொண்டேன். பேடும் புதுசு, தட்டும் புதுசு போட்டுக்கொண்டுதான் வீடு திரும்பினோம்.

ஞாயிற்றுக்கிழமை மலை இறங்கினோம். ஒரு வளைவில் எதிரே லாரி. இவர் காலை வைத்தார். நின்றது. சத்தமில்லாமல், முரண்டு பிடிக்காமல் நின்றது. பிள்ளை தூக்கத்தில் புரளக்கூட இல்லை. ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தேன். அத்தனை பெரிய பள்ளம். எங்களுக்கும் அதற்கும் நடுவில் அந்தச் சின்னத் துண்டு. எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

இவர் திருந்தியிருப்பார் என்றா நினைக்கிறீர்கள்? இதோ வாசலில் அண்ணனிடம் குரல் கேட்கிறது.

"பிரேக்கை விடுடா. என் டயரைப் பாரு. ஆயுசுக்கும் மாத்த வேண்டாம். அடியே, இங்க வா! நம்ம டயரைப் பத்தி இவன்கிட்ட சொல்லு!"

"வந்துட்டேங்க!"

வாளியை ஓரமாக வைத்துவிட்டுப் போகிறேன். எனக்கு வேறென்ன பேசத் தெரியும்? "அப்படியாங்க, தேயாத டயரை நான் பார்த்ததே இல்லீங்களே!"