மனசு வைக்காதவர்

மனசு வைக்காதவர் என்று ஒரு வகை மனிதர் உண்டு. அவரை நீங்கள் எல்லா இடத்திலும் பார்த்திருப்பீர்கள், முதல் இடத்தில் மட்டும் பார்த்திருக்க மாட்டீர்கள். அவர் தோற்பதில்லை. ஜெயிப்பதும் இல்லை. தன்னால் ஜெயிக்க முடியும் என்பதை மட்டும் அவ்வப்போது மற்றவர்களுக்கு நினைவூட்டிக்கொண்டிருப்பார். பதவி உயர்வுத் தேர்வுக்கு இருபது வருடமாகப் பணம் கட்டிவிட்டு, தேர்வன்று காலையில் தலைவலி என்று படுத்துக்கொள்பவர் இந்த இனம்தான். "நான் மட்டும் மனசு வெச்சிருந்தா..." என்று ஒருவர் ஆரம்பித்து, வாக்கியத்தை முடிக்காமல் காப்பியை ஒரு வாய் குடித்தால், அவர் யாரென்று விசாரிக்கவே வேண்டாம்.

இந்த இனத்தின் கலப்படமில்லாத மாதிரி ஒன்றைப் பார்க்க வேண்டுமானால் டிஸ்க் கோல்ஃப் மைதானத்துக்குத்தான் போக வேண்டும். விளையாட்டு எளிது. மட்டையும் பந்தும் குழியும் கிடையாது. கையடக்கமான பிளாஸ்டிக் தட்டு ஒன்று. தூரத்தில் கம்பத்தில் பொருத்திய இரும்புக் கூடை. கூடைக்கு மேலே தொங்கும் சங்கிலிகள். தட்டு சங்கிலியில் மோதிக் கூடைக்குள் விழ வேண்டும். மொத்தம் பதினெட்டுக் கூடைகள். எல்லாவற்றையும் குறைந்த எறிகளில் முடிப்பவர் வெற்றியாளர்.

இதில் பணமாகப் பரிசு வாங்குகிறவர் தொழில்முறை ஆட்டக்காரர். பொருளாக வாங்குகிறவர் அமெச்சூர், அதாவது காசுக்கு ஆசைப்படாமல் விளையாட்டின் மேலுள்ள அன்பினால் மட்டும் ஆடுகிறவர். அன்புள்ளவர்கள் எல்லோரும் நுழைவுக் கட்டணம் கட்டுகிறார்கள். சங்கச் செயலாளர் அந்தப் பணத்தில் குடை, பிளாஸ்க், துண்டு, தோள்பை என்று வாங்கி, கட்டியவர்களில் கொஞ்சம் பேருக்கு மேடையேற்றிக் கொடுக்கிறார். தன் காசில் வாங்கிய குடையைத் தானே இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போட்டோவுக்குச் சிரிப்பது கடைக்குப் போய் வாங்குவதைவிட இனிக்கிறது. ஏன்? கடைக்காரன் கைதட்டுவதில்லை.

நம்முடைய மாதிரி மனிதர் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். சுவரில் மாட்டிய எழுத்து அட்டையைக் காட்டி, எதிரில் உட்கார்ந்திருப்பவருக்கு எந்த வரிவரை தெரிகிறது என்று கேட்டே முப்பது வருடம் குடும்பம் நடத்தியவர். நல்ல கை, நல்ல கண். அமெச்சூர் பிரிவில் இரண்டு தடவை முதல் பரிசு வாங்கியிருக்கிறார். அது அறியாத வயதில். விதிப் புத்தகத்தை அதற்குப் பிறகுதான் படித்தார்: மூன்று தடவை முதலாவதாக வந்தவர் அதன் பிறகு தொழில்முறைப் பிரிவில்தான் ஆட வேண்டும். அங்கே கட்டணம் இரண்டு மடங்கு. ஆடுகிறவர்கள் எல்லாம் மாட்டுக்குப் பதிலாகத் தாங்களே ஏர் இழுக்கக்கூடிய இளைஞர்கள். இங்கிருந்து மேலே போன ஒருவரும் அங்கே ஒரு துண்டுகூட வாங்கியதாக வரலாறு இல்லை.

அன்றிலிருந்து ஒன்பது வருடம், வருடத்துக்கு இரண்டு போட்டி, எல்லாவற்றிலும் நம்மவர் இரண்டாவது.

சும்மா இரண்டாவதாக வருவது சுலபம் என்று நினைக்காதீர்கள். முதல் இடத்துக்கு நன்றாக எறியத் தெரிந்தால் போதும். இரண்டாம் இடத்துக்கு எறியவும் தெரிய வேண்டும், எண்ணவும் தெரிய வேண்டும், முகத்தைத் தொங்கப்போடவும் தெரிய வேண்டும். பதினைந்தாவது கூடை வரை முன்னால் ஓடி, பதினாறில் சூரியன் கண்ணில் பட்டு, பதினேழில் செருப்புக்குள் கல் புகுந்து, பதினெட்டில் தட்டு கூடை விளிம்பை ஒரு மயிரிழையில் உரசி வெளியே விழ, "அடடா!" என்று நெற்றியில் கை வைப்பார். பார்ப்பவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். மாலையில் கையில் குடை.

வீட்டுக்கு வந்தால் அவர் மனைவி, பாவம், உண்மை தெரியாதவர், "பரவாயில்லை விடுங்க, அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்று சூடாகக் காப்பி கொடுப்பார். அந்த ஆறுதலையும் ஒரு பரிசாகத்தான் அவர் வாங்கிக்கொண்டார், ஒன்பது வருடமாக, மறுக்காமல். பின்னறை அலமாரியில் பதினேழு குடைகள் இருந்தன. மழைக்கு அவர் பழைய குடையைத்தான் எடுத்துப் போவார். பரிசுக் குடை நனைந்துவிடுமல்லவா?

ஒருமுறை சங்கக் கூட்டத்தில் யாரோ ஒரு நல்ல மனிதர், பரிசுகளை ஒழித்துவிட்டுக் கட்டணத்தைக் கால்வாசியாகக் குறைக்கலாம், ஜெயிப்பவருக்கு ஒரு கோப்பை போதும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். கண்ணாடிக் கடைக்காரர் எழுந்து, விளையாட்டை விளையாட்டுக்காகவே நேசிப்பதைப் பற்றி இருபது நிமிடம் பேசினார். கண் கலங்கியவர்களும் உண்டு. பிறகு, ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார்கள். அந்த நேரம் பார்த்து அவருக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. அன்றைக்கு அந்த அறையில் நாற்பது பேருக்கும் தோள்பட்டையில்தான் கோளாறு.

ஆசைப்படாமல் இருப்பது ஞானம் என்கிறார்கள். ஆசையை வெளியே காட்டாமல் இருப்பதும் பார்க்க அதே மாதிரிதான் இருக்கும். கொஞ்சம் தூரத்திலிருந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் இரண்டாவதாக வர ஒரு முதலாவது ஆள் தேவை. அதுதான் சிக்கல். விவரம் தெரியாமல் ஜெயித்துக்கொண்டிருந்த அப்பாவிகள் ஒவ்வொருவராக மூன்றாவது வெற்றி வாங்கி மேல் பிரிவுக்குப் போய்விட்டார்கள். கடைசி அப்பாவியான எலக்ட்ரீஷியன் போன வருடம் போனார். இந்த வருடம் மிச்சம் இருந்தவர்களில் ஓரளவு எறியத் தெரிந்தவர் பல் டாக்டர் ஒருவர்தான். அவர் கணக்கிலும் இரண்டு முதல் பரிசுகள். அவர் மணிக்கட்டும் சமய சந்தர்ப்பம் அறிந்து வலிக்கக்கூடியது.

புரிகிறதல்லவா? ஒரே காட்டில் இரண்டு.

போதாததற்கு அன்றைக்கு மனைவியும் கூட வந்திருந்தார். கார் சாவி அவரிடம் இருந்தது. தங்கை வீட்டுக்குப் போகிற வழி. மடக்கு நாற்காலியைப் போட்டு, கடைசிக் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

பதினெட்டாவது கூடையில் இருவரும் ஒரே எண்ணிக்கையில் வந்து நின்றார்கள். கண்ணாடிக் கடைக்காரர் ஒரு எறி கூடுதலாக எடுத்தார். டாக்டரும் ஒரு எறி கூடுதலாக எடுத்தார். சமநிலை. மற்றவர்கள் நாலு எறி பின்னால். அச்சகம் வைத்திருக்கும் செயலாளர் இருபதடி தூரத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டார். ஆளுக்கு ஒரு எறி. ஒருவர் போட்டு மற்றவர் விட்டால் முடிந்தது. பழகிய கை பத்துக்கு ஒன்பது போடும் தூரம்.

முதல் சுற்றில் இருவரும் விட்டார்கள். இரண்டாவது சுற்றில் கண்ணாடிக் கடைக்காரரின் தட்டு கம்பத்துக்கு இடப்பக்கம் போயிற்று, டாக்டருடையது வலப்பக்கம். மூன்றாவதில் டாக்டருக்குத் தும்மல் வந்தது.

"என்ன டாக்டர், கை நடுங்குது?" என்றார் கண்ணாடிக் கடைக்காரர்.

"உங்க கண்ணாடியைத்தானே போட்டிருக்கேன் சார். கூடை ரெண்டா தெரியுது."

"ரெண்டுல ஒண்ணுலயாவது போடலாமே."

"பெரியவங்க நீங்க இருக்கும்போது நான் போட்டா மரியாதையா இருக்குமா?"

ஏழாவது சுற்றுவரை மரியாதை நீடித்தது. பரிசு மேசையில் துணி விரித்து வைத்திருந்தவர்கள் அதை மடிக்கலாமா என்று கேட்டார்கள். செயலாளர் விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

"போதும் சார், போதும். இன்னும் ஒரே ஒரு சுற்று. அதுலயும் ரெண்டு பேரும் விட்டீங்கன்னா கூட்டு முதலிடம்னு எழுதிடுவேன். ரெண்டு பேருமே மேல் பிரிவு. எனக்கு வீட்ல ஆள் காத்துக்கிட்டிருக்கு."

இருவர் முகமும் வெளுத்தது. முதலில் எறிய வேண்டியவர் கண்ணாடிக் கடைக்காரர். போட்டால், டாக்டர் சந்தோஷமாக விட்டுவிடுவார், இவர் மேலே. விட்டால், டாக்டர் மனசு வைத்துப் போட்டால்தான் இவர் தப்ப முடியும். அடுத்தவர் மனசை நம்பி வாழ வேண்டிய நிலைமை அவருக்கு இதுவரை வந்ததில்லை.

"ஏங்க," என்று மனைவி நாற்காலியிலிருந்து கூப்பிட்டார். "இங்க வாங்க கொஞ்சம். இவ்வளவு கிட்டக்க இருந்து போட முடியலையா உங்களால?"

குரலில் கேலி இல்லை. கவலைதான் இருந்தது. அதுதான் அவரைச் சுட்டது. பக்கத்தில் போய்க் குனிந்து, ஒன்பது வருட ரகசியத்தைக் காதோடு சொன்னார்.

"போட முடியாம இல்லம்மா. வேணும்னேதான் விடறேன்."

"வேணும்னேவா?"

"மூணாவது தடவை ஜெயிச்சா மேல தள்ளிடுவாங்க. அதான்."

"அப்போ போன வருஷம்?"

"அதுவும்தான்."

"நான் கால் வலியோட எழுந்து காப்பி போட்டுக் குடுத்தேனே, அந்தத் தடவை?"

"அதுவும்..."

"ஒவ்வொரு தடவையும் 'பாவம், இவருக்கு அதிர்ஷ்டமே இல்லை'ன்னு என் தங்கச்சிகிட்ட சொல்லிச் சொல்லி மாஞ்சுபோறேன். நல்லா இருக்குங்க." கைப்பையின் ஜிப்பைத் திறந்தார், மூடினார். "சரி. முடியும்னா ஒண்ணே ஒண்ணு போட்டுக் காட்டுங்க. மேல போனா போங்க. குடை இல்லாட்டி நான் வாங்கித் தரேன். எனக்காக ஒண்ணு."

கண்ணாடிக் கடைக்காரர் கோட்டுக்குத் திரும்பினார். நடக்கும்போதே முடிவு செய்துவிட்டார். போட்டுவிடுவது. மேல் பிரிவாவது ஒன்றாவது. ஒன்பது வருடம் கழித்து முதல் தடவையாக அவர் நிஜமாகவே மனசு வைத்தார். காலை ஊன்றினார். மூச்சை நிறுத்தினார். சங்கிலிகளின் நடுவில் ஒரு புள்ளியைப் பார்த்தார். கண்ணுக்கு அது தெளிவாகத் தெரிந்தது. எறிந்தார்.

தட்டு நேராகப் போயிற்று. கூடை விளிம்பை உரசிற்று. வெளியே விழுந்தது.

கை எப்போதும் போடும் இடத்தில் போட்டிருந்தது. ஒன்பது வருடமாகச் சொல்லிக் கொடுத்த பாடத்தை அது மறக்கவில்லை.

டாக்டர் தலையைச் சொறிந்தார். இனி விட்டாலும் அவர் மேலேதான், போட்டாலும் மேலேதான். விட்டால் கண்ணாடிக் கடைக்காரரையும் கையோடு இழுத்துக்கொண்டு போகலாம். ஆனால் கோப்பையைப் பங்கு போட வேண்டும். "போறதுதான் போறோம், கோப்பையாவது முழுசா வரட்டும்" என்று சொல்லிவிட்டு, சரியாகப் பார்க்கக்கூட இல்லாமல் எறிந்தார். சங்கிலி கலகலத்தது. கூடையின் நடுவில் தட்டு.

கைதட்டல் ஓய்ந்ததும் டாக்டர் வந்து கண்ணாடிக் கடைக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் நிஜமான மரியாதை.

"சார், நீங்க பெரிய ஆளு. உங்ககிட்ட நான் நிறையக் கத்துக்கணும். அந்தக் கடைசி எறி இருக்கே, அப்படியே நிஜமாவே போட முயற்சி பண்ணின மாதிரியே இருந்துச்சு!"

பதினெட்டாவது குடை நீல நிறம். பொத்தானை அழுத்தினால் தானாக விரியும்.

கார் இரண்டு சிக்னலைத் தாண்டியது. மூன்றாவதில் மனைவி சிவப்பு விளக்கைப் பார்த்தபடியே கேட்டார்:

"எனக்காக ஒண்ணே ஒண்ணு. அதுக்குக்கூட மனசு வரலை, இல்லையா?"

அவர் முன்னால் இரண்டு பதில்கள் இருந்தன. ஒன்று: முயற்சி செய்தேன், முடியவில்லை. அதைச் சொல்லியிருந்தால் வழக்கமான ஆறுதலும் காப்பியும் கிடைத்திருக்கும். இந்தத் தடவை நியாயமாகவும் கிடைத்திருக்கும். மனைவி அதற்காகத்தான் காத்திருந்தாரோ என்னவோ. விளக்கு பச்சைக்கு மாறுகிறவரை அவர் குடையின் பொத்தானைத் தடவிக்கொண்டிருந்தார்.

"மனசு வைக்கலை," என்றார்.

சொன்ன பிறகுதான் அந்தக் குரலை எங்கோ கேட்டிருக்கிறோமே என்று தோன்றியது. கடையில்தான். எழுத்து அட்டையின் கடைசி வரியைக் காட்டும்போது சிலர் சொல்வார்கள்: "தெரியுது சார், படிக்கத்தான் தோணலை." அப்படிச் சொல்கிறவர்களிடம் அவர் விவாதம் செய்வதில்லை. சீட்டை எடுத்து, பேசாமல் பவரைக் கூட்டி எழுதிவிடுவார்.

தங்கை வீட்டு வாசலில் மனைவி இறங்கிக்கொண்டார். அன்றைக்கு யாரும் "அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்று சொல்லவில்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரிக்கலாம், உங்கள் வீட்டு அலமாரியில் குடைகள் இல்லையே. பாதி நிரப்பிய விண்ணப்பம் ஒன்று இழுப்பறையில் இருக்கலாம், மூன்று பாடத்தோடு நின்றுபோன வயலின் கட்டிலுக்கு அடியில் இருக்கலாம், அதெல்லாம் வேறு விஷயம். நேரமில்லை. நேரம் கிடைத்தால் ஒரே மூச்சில் முடித்துவிடுவீர்கள். இந்தச் சித்திரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் இழுவை, கண்ணாடிக் கடைக்காரரை இன்னும் கொஞ்சம் வாரியிருக்கலாம், முடிவும் சுமார்தான். இதைவிட நன்றாக நீங்களே எழுதியிருப்பீர்கள்.

மனசு வைத்திருந்தால்.