மாப்பிள்ளைக்கு அனுப்பிய காது

புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்டவரை வீட்டு விசேஷத்துக்குள் விடக் கூடாது. சமையல் கற்றவர் பந்திக்கு நானே ரசம் வைப்பேன் என்பார். கார் ஓட்டக் கற்றவர் மாப்பிள்ளையை நானே அழைத்து வருவேன் என்பார். இவர்களைக்கூடத் தாங்கிவிடலாம். கேமரா கற்றவர்தான் ஆபத்து. ரசம் அன்றைக்கே தீர்ந்துவிடும், படம் தீராது.

இரண்டாயிரத்து எட்டு வாக்கில் நான் முதலிபாளையத்தில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்தேன். எங்களிடம் சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் ‘இது நாங்கள் கேட்ட நீலம் இல்லையே’ என்று மெயில் அனுப்பினால், ‘நீங்கள் கேட்ட நீலமேதான்’ என்று பணிவாகப் பதில் போடுகிற வேலை. அந்த வருடத்து தீபாவளி போனஸை அப்படியே கொட்டி ஒரு டிஜிட்டல் எஸ்.எல்.ஆர் கேமரா வாங்கினேன். (அம்மா அதற்கு ‘கறுப்புச் சனியன்’ என்று பெயர் வைத்தாள். பெயர் நிலைத்துவிட்டது.)

கேமராவோடு வந்த லென்ஸ் ஒழுக்கமானது. சொன்னதைக் கேட்கும், தானாக ஃபோகஸ் செய்துகொள்ளும். எனக்கு அது சலித்துப் போனதற்குக் காரணம் இணையம். மதியச் சாப்பாட்டு வேளையில் ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒரு கேமராப் பைத்தியக் குழுவைக் கண்டுபிடித்தேன். ஃபிலிம் காலத்துப் பழைய லென்ஸ்களை ஒரு வளையத்தின் உதவியோடு புதுக் கேமராவில் மாட்டிப் படமெடுக்கிறார்கள்! எல்லாம் கையால் திருகித்தான் சரிசெய்ய வேண்டும். ஆனால் அந்தப் படங்கள் இருக்கின்றனவே! முகம் மட்டும் பளிச்சென்று நிற்க, பின்னாலிருக்கும் இலைகளெல்லாம் கரைந்து சுழன்று, தண்ணீருக்குள் விழுந்த கோலம் போல... தயிர்சாதம் டப்பாவிலேயே காய்ந்து போனது.

அப்போதுதான் எங்கள் சாம்பிள் ரூம் அலமாரி நினைவுக்கு வந்தது. யாரோ ஒரு பையர் எப்போதோ விட்டுப்போன பழைய ஃபிலிம் கேமரா ஒன்று அங்கே துணித் துண்டுகள் பறக்காமலிருக்க பாரமாக வைக்கப்பட்டிருந்தது. ஓடிப்போய் எடுத்துப் பார்த்தேன். ரஷ்ய எழுத்து பொறித்த லென்ஸ்! பாட்டில் மூடி மாதிரி திருகிக் கழற்றும் வகை! இணையத்தில் ஆளாளுக்கு உருகிக்கொண்டிருந்த அதே ஜாதி!

முதலாளியிடம் கேட்டேன்.

“அதையா? எடுத்துட்டுப் போ கண்ணு. ஆனா அதுக்குப் பதிலா ஒரு கல்லு கொண்டாந்து வெச்சிரு. துணியெல்லாம் பறக்கும்” என்றார்.

வளையத்தை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாம். ஆனால் அதற்குள் எங்கள் கோகிலா அக்காவுக்கு நிச்சயதார்த்தம் வந்துவிடும். மாப்பிள்ளை பிரகாஷ் மஸ்கட்டில் என்ஜினியர். லீவு கிடைக்கவில்லை, நாள் நல்ல நாள், அதனால் அவர் இல்லாமலேயே தட்டு மாற்றிக்கொள்வதாக ஏற்பாடு. உடுமலைப்பேட்டையிலிருந்து அவருடைய அம்மா போனில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “போட்டோவை அன்னைக்கே எம்பையனுக்கு அனுப்பிப் போடோணுமுங்க. அவன் அதப் பாத்துத்தான் மனசாறிக்கோணும்.”

அப்பா ஏற்கெனவே ஸ்டுடியோக்காரரிடம் சொல்லியிருந்தார். நான் நேரில் போய் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவ்வளவு தைரியம்!

எங்கள் கம்பெனிக்குப் பக்கத்துச் சந்தில் துரைசாமி அண்ணனின் லேத் பட்டறை. நிட்டிங் மிஷினுக்கு உதிரிபாகம் கடைகிறவர். கேமராவில் லென்ஸ் மாட்டும் வாயை மூடுகிற பிளாஸ்டிக் மூடியில் ஓட்டை போட்டு, அதன்மேல் மரை வெட்டிய அலுமினிய வளையத்தைப் பொருத்த வேண்டும் என்று படம் வரைந்து காட்டினேன். என்னைவிட அவருக்குத்தான் உற்சாகம் தாங்கவில்லை. மற்ற வேலையை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தார். சாயங்காலம் வளையம் கண்ணாடி மாதிரி மின்னியது.

“நீ வரைஞ்சதுல ரொம்ப மெல்லிசா இருந்துச்சு கண்ணு. விசேசத்துக்குன்னு சொன்னயில்ல? அதனால ரெண்டு எம்எம் எச்சாவே உட்டிருக்கறேன். ஆனை மிதிச்சாலும் ஒண்ணும் ஆவாது” என்றார்.

காய்கறிக்காரர் கேட்காமலேயே கொத்தமல்லித் தழையைப் பையில் போடுவாரே, அந்த மாதிரிப் பாசம். நான் பூரித்துப்போய் நன்றி சொன்னேன்.

மறுநாள் ஆபீசில் சோதனை. மேசைமேல் இருந்த சாம்பிள் பனியனின் காலர் பொத்தானைப் படமெடுத்தேன். ஐயோ, அந்தப் பொத்தான்! நான்கு ஓட்டைகளும் நான்கு கிணறுகள் மாதிரி ஆழமாகத் தெரிந்தன. தையல் நூலின் முறுக்கு தெரிந்தது. காலர் ஓரத்தில் ஒட்டியிருந்த பஞ்சு கூட வெள்ளி இழையாக ஜொலித்தது. சுற்றி ஒரு கூட்டமே கூடிவிட்டது. ஜன்னல் வழியாக எதிர்க் கட்டடத்தையும் ஒன்று எடுத்தேன். அது வெறும் சாம்பல் நிறக் குழப்பமாக வந்தது. ‘ஆகா, கலைநயம்!’ என்று நினைத்துக்கொண்டேன். (மங்கலாக இருப்பதெல்லாம் கலை என்று நம்பிய வயது அது.)

நிச்சயதார்த்தம் நல்லூரில் எங்கள் வீட்டிலேயே. உடுமலையிலிருந்து ஒரு வேன் நிறைய மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள். வாசலில் வைத்தே ஒரு படம் எடுக்கலாம் என்று கேமராவைத் தூக்கினேன். மங்கல். ஃபோகஸ் வளையத்தைத் திருகினேன். இன்னும் மங்கல். கடைசி வரை திருகிவிட்டேன், அதற்கு மேல் போகவில்லை. என் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். வேனும் மனிதர்களும் ஒன்றாகக் கரைந்து பாயசமாக நின்றார்கள்.

ஒரு அடி முன்னால் போனேன், கொஞ்சம் தெளிந்தது. இன்னொரு அடி, இன்னும் தெளிந்தது. கண்டுபிடித்துவிட்டேன்! கிட்டப் போனால் வருகிறது! இந்தக் கண்டுபிடிப்பின் விபரீதம் எனக்கு அப்போது உறைக்கவில்லை. அதற்குப் பிறகு நான் ஒவ்வொரு விருந்தாளியின் முகத்துக்குள்ளும் போய் வந்துகொண்டிருந்தேன். மாப்பிள்ளையின் பெரியம்மா ஒருவர், கன்னத்தில் லென்ஸ் இடிக்கும் தூரத்தில் என்னைப் பார்த்துப் பொறுமையாகக் கேட்டார்:

“ஏங்கண்ணு, போட்டோ எடுக்கறயா, மூக்குத்திய எடை போடறயா?”

அக்கா மணையில் உட்கார்ந்ததும் அவள் நெற்றிக்கு நேராகக் குனிந்தேன். லென்ஸ் போய்க் குங்குமத்தில் முட்டியது. அதற்குப் பிறகு எடுத்தவை எல்லாம் சிவப்பாக வந்தன. அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு, உதடு அசையாமல், “அக்கட்டால நவுருடி” என்றாள். காலையிலிருந்தே அவள் பயத்தில் விறைத்துப்போய்தான் இருந்தாள். பழைய லென்ஸைக் கழற்றிவிட்டு ஒழுக்கமானதை மாட்டிவிடலாம் என்று சமையலறைக்கு ஓடினேன். ஆனை மிதித்தாலும் ஒன்றும் ஆகாது என்றாரே துரைசாமி அண்ணன், அந்த வளையம் கழன்றும் வரவில்லை. சேலைத் தலைப்பால் பிடித்துத் திருகிப் பார்த்தேன். இடுக்கியால் பிடித்துப் பார்த்தேன். வெளியே, “தட்டு மாத்தறாங்க, எங்கே போட்டோ புள்ள?” என்று குரல் வந்தது. வேறு வழியில்லாமல் குங்குமத்தை மட்டும் துடைத்துக்கொண்டு ஓடி வந்தேன்.

இரண்டு அப்பாக்களும் எதிரெதிரே நின்றார்கள். தட்டில் வெற்றிலை, பாக்கு, தேங்காய், பழம், பட்டுப்புடவை. இந்த ஒரு படமாவது உருப்பட வேண்டும்! குனிந்து, நெருங்கி, இன்னும் நெருங்கி, கண்ணைக் கேமராவிலிருந்து எடுக்காமலேயே இரண்டு பேருக்கும் நடுவில் நுழைந்துவிட்டேன். மாப்பிள்ளையின் அப்பா கண் மூடிக் கும்பிட்டுவிட்டுத் தட்டை முன்னால் நீட்டினார். அது என் மார்பில் வந்து முட்டியது. தேங்காய் உருள ஆரம்பித்தது. கேமராவைக் கழுத்தில் தொங்க விட்டுவிட்டு இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டேன்.

தட்டு என் கையில். புடவை என் கையில்.

மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் தொண்டையைச் செருமினார். “ஏனுங்க, இப்ப எந்தப் பொண்ணுக்குங்க நிச்சயமாச்சு?”

அம்மாவின் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் என் முகத்துக்கு வந்தது. அப்பா அவசரமாகத் தட்டை என்னிடமிருந்து பிடுங்கினார். அந்த நேரத்தில்தான் மணையிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. கோகிலா அக்கா சிரித்தாள். முதலில் மூக்கால், பிறகு வாயால், கடைசியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்து, என் கையைப் பற்றிக்கொண்டு, கண்ணீர் வரச் சிரித்தாள். நான் யோசிக்கவில்லை. கேமராவைத் தூக்கி ஒன்று எடுத்தேன்.

சாயங்காலம் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து படங்களைத் திறந்தேன். கேமராவின் சின்னத் திரையில் ‘பரவாயில்லை’ என்றிருந்ததெல்லாம் பெரிய திரையில் மூடுபனி. என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தவை மட்டும் அற்புதமாக வந்திருந்தன. அவை என்னவென்றால்: ஆப்பிளில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர், அப்பாவின் வாட்ச், மாப்பிள்ளை அப்பாவின் பாதி மீசை, அப்புறம் அக்காவின் இடது காது. காதென்றால் அப்படியொரு காது! ஜிமிக்கியின் ஒவ்வொரு முத்தும் தனித்தனியாக நின்றது. அக்கா சிரிக்கிற படமும் துல்லியமாக இருந்தது. ஆனால் வாய் அகலத் திறந்து, தலை கலைந்து, கல்யாணப் பெண் அப்படிச் சிரிக்கலாமா? அதை ஒதுக்கிவிட்டு மற்றவற்றை மஸ்கட்டுக்கு அனுப்பினேன்.

மறுநாள் காலையில் பதில் வந்திருந்தது. மாப்பிள்ளை தமிழை ஆங்கில எழுத்தில் அடித்திருந்தார்: ‘காது ரொம்ப நல்லா இருக்குங்க. மீதிப் பொண்ணு அடுத்த மெயில்ல வருமுங்களா?’

இது வேடிக்கையா கோபமா என்று எனக்கு விளங்குவதற்குள் வீட்டில் போன் அடித்தது. மாப்பிள்ளையின் அம்மா. அப்பா போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளித்தான் பிடித்திருந்தார்.

“எங்கூட்டு ஆளுக ஒருத்தரு மூஞ்சியும் தெரியலயாமுங்க! எல்லாம் மேகத்துக்குள்ள நிக்கறாப்புல இருக்குதாமா. நல்ல காரியத்தன்னைக்கே எங்களையெல்லாம் மேலோகத்துக்கு அனுப்பிப் போட்டீங்களே!”

அக்கா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழுகைச் சத்தம் கேட்டது. அதுவரை இதெல்லாம் எனக்கு ஒரு பொம்மை விளையாட்டாகத்தான் இருந்தது. சம்பந்தம் முறிந்துவிடுமோ என்று அப்போதுதான் முதன்முறையாகப் பயந்தேன்.

ஆபீசுக்குப் போனதும் முதல் வேலையாக அந்தச் சிரிப்புப் படத்தை அனுப்பினேன். தட்டு என் கைக்கு வந்த கதையையும் ஒன்றுவிடாமல் எழுதினேன். ‘தப்பெல்லாம் என் மேலதானுங்க. இதுதான் மீதிப் பொண்ணு’ என்று முடித்தேன்.

படத்தில் அக்கா முகம் முழுதாக ஒளிர்ந்தது. கண்ணோரத்துக் கண்ணீர்த் துளி, நெற்றியில் கலைந்த குங்குமம். பின்னாலிருந்த உறவுக்கூட்டமும் தோரணமும் பச்சையும் மஞ்சளுமாகக் கரைந்து அவளைச் சுற்றிச் சுழன்றன. நான் இணையத்தில் பார்த்துச் சோறு மறந்த படங்களைவிட அது ஒரு படி மேல். இன்றும் சொல்வேன்.

பதில் மெயில் வரவில்லை. மதியமே வீட்டுக்கு மஸ்கட்டிலிருந்து போன் வந்ததாம். மாப்பிள்ளை நேராக அக்காவிடமே பேச வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அதுவரை இருவரும் பேசிக்கொண்டதே இல்லை. நான் சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அக்கா கதவைத் திறந்து வெளியே வந்திருந்தாள். “எங்கம்மாகிட்ட நான் பேசிக்கறனுங்க, அந்தப் போட்டோவை மட்டும் பெருசா பிரிண்ட் போட்டுக் குடுக்கச் சொல்லுங்கன்னாரு” என்று சொல்லிவிட்டு என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். வலித்தது. மிகவும் சந்தோஷமாக இருந்தது.

(வளையத்தில் இரண்டு எம்எம் கூடிப்போனால் தூரத்தில் இருப்பது எதுவும் ஃபோகஸ் ஆகாது என்பதை அதே இணையக் குழு பிறகு எனக்கு விளக்கியது. துரைசாமி அண்ணனிடம் அதை நான் சொல்லவே இல்லை. அவர் கடைசி வரை, “நிச்சயத்துல நம்ம வளையம் எப்பிடி?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். “ஆடவே இல்லீங்க” என்பேன். உண்மைதானே!)

கல்யாணத்துக்கு அப்பா ஸ்டுடியோக்காரரையே கையோடு கூட்டி வந்துவிட்டார். மேடையில் இரண்டு குடும்பமும் வரிசையாக நின்றது. அவர் “ரெடி, எல்லாரும் இங்கே பாருங்க” என்றதும் பிரகாஷ் மாமா அக்கம்பக்கத்தில் நின்றவர்களிடம் ஏதோ கிசுகிசுத்தார். அவ்வளவுதான். மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளை, பெண், மேலோகம் போய் வந்த மாமியார், பாதி மீசை மாமனார் உட்பட அத்தனை பேரும் முகத்தைத் திருப்பி இடது காதைக் காட்டினார்கள். ஸ்டுடியோக்காரர் திகைத்துப்போய், இது உடுமலைப் பக்கத்து வழக்கம் போல என்று நினைத்துக்கொண்டு, மரியாதையாக எடுத்துவிட்டார். ஆல்பத்தின் முதல் பக்கத்தில் இருப்பது அந்தப் படம்தான்.

அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் எந்த விசேஷத்திலும் நான் கேமராவைத் தொட முடிந்ததில்லை. ஒரே ஒரு விதிவிலக்கு. அக்கா மகளுக்கு மொட்டையடித்துக் காது குத்த நாள் குறித்ததும் பிரகாஷ் மாமா எனக்குப் போன் செய்தார்.

“நித்யா, இந்த ஒரு விசேசத்துக்கு மட்டும் ஸ்டுடியோக்காரரு வேண்டாம்னு சொல்லிப் போட்டேன். இதுக்கு உன்னைய உட்டா ஆரு இருக்கறா?”